மூன்று ஓட்டைக்கு ஒரு பெரிய கட்டு

புதிதாக வார்டில் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். எனக்கு மேடையில் நின்று பேச வராது. வார்டில் நின்று கத்தத்தான் வரும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். நோயாளியிடம் அன்பாக இரு, சிரித்த முகமாக இரு என்றெல்லாம் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதையெல்லாம் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள், போய்ப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப் போவது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி. நல்ல எண்ணத்தில் சொன்ன பொய். அது ஒரு பொம்பளையைக் கொன்றிருக்கும்.

குன்னூரில் நம் ஆஸ்பத்திரியில் பெண்கள் அறுவை சிகிச்சை வார்டுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது லேப்ராஸ்கோபி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டாக்டர்களுக்குப் பழகிவிட்டது, எங்களுக்கும் பழகிவிட்டது. நோயாளிகளின் வீட்டு ஆட்களுக்கு மட்டும் பழகவில்லை. வயிற்றைக் கிழித்தால்தான் அவர்களுக்கு ஆபரேஷன். தொப்புளில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்றிரண்டு என்று சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டு, கேமராவை விட்டு உள்ளே வேலை பார்த்தால் அது ஊசி போட்ட கணக்கு. பெரிய தழும்பு இருந்தால் மூன்று மாதம் ஓய்வு கிடைக்கும். தழும்பு இல்லையென்றால் மூன்றாம் நாள் அடுப்படி. எத்தனை பேரை இப்படி அனுப்பிவிட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

வசந்தாமணி அப்படி வந்தவள்தான். கேத்தி பக்கம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் கேரட் போடுகிற வீடு. வயது நாற்பத்திரண்டு. கர்ப்பப்பையில் கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, முகம் கோரைப்பாய் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்தார். புருஷன் பழனிச்சாமிக்கு வெலிங்டன் ராணுவ முகாமில் ஸ்டோர்ஸ் பிரிவில் சிவிலியன் வேலை. வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. ராணுவத்துக்குக் கம்பளியும் சோப்பும் எண்ணிக் கொடுக்கிறவர். ஆனால் நடை, பேச்சு, மீசை எல்லாம் எல்லையில் நின்றுவிட்டு வந்தவர் மாதிரி. என்னைப் பார்த்ததும் விறைப்பாக நின்றார். எனக்கு அப்போதே எரிச்சல்.

அட்மிஷன் அன்று வசந்தாமணி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏனுங்க சிஸ்டர், வயித்துக்குள்ள காத்து ஊதுவாங்களாமே?"

"ஆமா. உள்ள இடம் வேணும்ல. கேஸ் விட்டு உப்ப வச்சுத்தான் பாப்பாங்க."

"அப்புறம் திருப்பி எறக்கிருவாங்களா, அப்படியே உட்ருவாங்களா?"

"அப்படியே விட்டா நீ பறந்து அவலாஞ்சிக்குப் போயிருவ. எறக்கிருவாங்க. மிச்சம் மீதி இருக்கறது ரெண்டு நாள்ல தானா போயிரும்."

சிரித்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "எத்தன நாளைக்கு மூட்ட தூக்கக் கூடாதுங்க?"

"ஆறு வாரம்."

"ஆறு நாளுன்னு எழுதிக் குடுங்க சிஸ்டர். ஆறு வாரமுன்னா அவரு நம்ப மாட்டாரு. கேரட்டு எடுக்கற நேரமுங்க."

கேரட் மூட்டையை நீங்கள் தூக்கிப் பார்த்ததில்லை. கழுவி, ஈரத்தோடு கட்டிய மூட்டை. ஒரு பக்கத்தை வசந்தாமணி பிடிப்பாள், மறுபக்கத்தைக் கூலிக்கு வருகிற ஆள் பிடிப்பான். அதை வண்டியில் ஏற்ற வேண்டும். கர்ப்பப்பையை எடுத்துவிட்டு உள்ளே தையல் போட்டிருக்கும்போது அப்படித் தூக்கினால் தையல் விட்டுப்போகும். நான் பார்த்திருக்கிறேன். பார்த்ததை எழுத மாட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் திறமையைக் காட்டுவதற்காக இல்லை. என் திமிர் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டுமே, அதற்காக.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் வாயில் படக்கூடாது என்று சொல்லியிருந்தோம். காலையில் சின்ன நர்ஸ் கேட்டாள், "ஏதாச்சும் சாப்பிட்டீங்களாம்மா?" வசந்தாமணி, "ஒண்ணுமே சாப்பிடலைங்க" என்றாள். சின்ன நர்ஸ் கேஸ் ஷீட்டில் டிக் அடித்துவிட்டாள். நம் மலையில் இந்தக் கேள்விக்கு மதிப்பே கிடையாது. இங்கே டீ என்பது சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. அது மூச்சு விடுவது மாதிரி. யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள்.

நான் போய்ப் போர்வையைச் சரிசெய்வது போல உட்கார்ந்து, "டீ எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சக்கர பத்தலைங்க."

"பால் ஊத்தினதா?"

"ஆமாங்க. கேன்டீன்ல இருந்து அவரு வாங்கிட்டு வந்தாருங்க. குளுருல வெறும் வயித்தோட கெடக்கறயேன்னு."

பழனிச்சாமி ஜன்னலைப் பார்த்து நின்றார். மயக்க மருந்து கொடுத்திருந்தால் அந்தப் பால் டீ நுரையீரலுக்குப் போயிருக்கும். ஆபரேஷனை மதியத்துக்குத் தள்ளினோம். கவுனுக்குள் அவள் ஸ்வெட்டர் போட்டிருந்ததையும் அப்போதுதான் கண்டுபிடித்துக் கழற்றினேன். அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர் இருந்தது. அதையும் கழற்றினேன்.

வார்டே என்னைப் பாராட்டியது. நானும் என்னைப் பாராட்டிக்கொண்டேன். நேராகக் கேட்டால் உண்மை வராது, சுற்றி வளைத்துத்தான் இந்த ஜனங்களை மேய்க்க வேண்டும் என்று முடிவு கட்டினேன். அன்று செய்த முதல் தப்பு அந்த முடிவு. அப்போது அது தப்பு என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. எடுத்த உறுப்பைத் தட்டில் வைத்து வீட்டு ஆளுக்குக் காட்டுவது நம் தியேட்டர் வழக்கம். பழனிச்சாமியைக் கூப்பிட்டார்கள். தட்டின் மேலிருந்த துணியை எடுப்பதற்குள் எல்லை வீரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினோம். "பாத்துட்டேங்க, பாத்துட்டேங்க" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். நாங்கள் உள்ளே வந்து சிரித்தோம். சிரித்ததோடு நிறுத்திக்கொண்டோம். இரண்டாவது தப்பு.

மறுநாள் காலை வசந்தாமணி என்னைப் பார்த்ததும் முறைத்தாள்.

"வயித்துல ஆபரேசன் பண்றோமுன்னு சொல்லிப்போட்டுத் தோள்ல என்னங்க பண்ணுனீங்க? வலது தோளு கழண்டு போறாப்பல வலிக்குது."

"கேஸ் மிச்சம் இருக்குது. அது மேல ஏறி இடிச்சா தோள்லதான் வலிக்கும். எந்திரிச்சு நட. போயிரும்."

நடந்தாள். நாங்களே கையைப் பிடித்து வராந்தாவில் நடக்க வைத்தோம். டாக்டரம்மா வந்து, வீட்டுக்குப் போன பிறகும் தினமும் நடக்க வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது என்று அவளிடம் தெளிவாகச் சொன்னார். அப்போது பழனிச்சாமி மருந்துக் கடையில் இருந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். நான் காயத்துக்கு மருந்து மாற்றிக்கொண்டிருந்தேன். மூன்று ஓட்டை, மூன்று சின்ன பிளாஸ்திரி. பழனிச்சாமி எட்டிப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?"

"இவ்வளவுதான்."

"அட! இதுக்கா இத்தன அலப்பற? எங்க பக்கம் தோட்டா பட்டவன் மறுவாரம் பரேடு போறானுங்க. வசந்தா, வியாழக்கெழம கேரட்டு எடுத்துரலாம். வண்டிக்குச் சொல்லிப்போடறேன்."

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் சொன்னேனல்லவா என்கிற பார்வை.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அந்த மனுஷனை உட்கார வைத்து, உள்ளே என்ன வெட்டினோம், எங்கே தைத்தோம் என்று பத்து நிமிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இவருக்கெல்லாம் எங்கே புரியப் போகிறது என்று நானே தீர்மானித்துவிட்டேன். "வெளிய இருங்க, கட்டுப் போடணும்" என்று விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பெரிய பஞ்சுத் திண்டு நாலு எடுத்தேன். வயிற்றை விரித்துக் கிழித்த கேஸுக்கு வைப்போமே, அது. நெஞ்சுக்குக் கீழே ஒன்று, தொப்புளுக்கு ஒன்று, அடிவயிற்றுக்கு இரண்டு. மேலே அகலப் பிளாஸ்திரி குறுக்கும் நெடுக்குமாக. அதற்கும் மேலே வயிற்றுப் பட்டை. வசந்தாமணி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "சிரிக்காத, தையல் வலிக்கும்" என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். மூன்று ஓட்டைக்குப் போர்க்களத்திலிருந்து தூக்கி வந்த மாதிரி ஒரு கட்டு.

கதவைத் திறந்தேன். பழனிச்சாமி பார்த்தார். மீசை இறங்கியது.

"என்னங்க சிஸ்டர் இது? அப்ப மூணுதான இருந்துச்சு?"

"அது மேலாக்க. உள்ள எவ்வளவு பெரிய ஆபரேஷன்னு உங்களுக்குத் தெரியாது. பத்தாம் நாள் வரைக்கும் கட்டைப் பிரிக்கக் கூடாது. அலுங்காம குலுங்காம பாத்துக்கணும். இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு."

"சரிங்க சிஸ்டர்" என்றார். குரலே மாறிவிட்டது. வசந்தாமணியை வீல்சேரில் வைத்து, முட்டைத் தட்டு கொண்டு போவது போலத் தள்ளிக்கொண்டு போனார். அவள் திரும்பிப் பார்த்து எனக்குக் கண்ணடித்தாள். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பளை.

இரண்டு நாள் எனக்கு நடையே துள்ளலாக இருந்தது. டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் "டிரெஸ்ஸிங் செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். அதுவும் பொய் இல்லையே.

வீட்டுக்குப் போன ஏழாம் நாள் காலை, ரவுண்ட்ஸ் முடிந்த நேரம், வார்டு போன் அடித்தது.

"வணக்கம் சிஸ்டர், பழனிச்சாமிங்க. ஒரு சின்ன சந்தேகமுங்க. தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க."

"சொல்லுங்க."

"மொதல்ல ரிப்போர்ட்டுச் சொல்லிப்போடறேனுங்க. நீங்க சொன்ன மாதிரியே அலுங்காம வச்சிருக்கறேன். நான் லீவு போட்டுட்டேன். காலையில கஷாயம், அப்பறம் கஞ்சி, பகல்ல சூப்பு. டைம் எழுதிச் செவுத்துல ஒட்டியிருக்கறேன். பெட்பேன் கூட நாந்தானுங்க. ஏழு நாளாத் தரையில காலு வைக்க உடலைங்க."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சந்தேகம் என்னன்னா, கம்பளி சாக்ஸு ஒண்ணு ஏற மாட்டேங்குதுங்க. ஒரே சோடி, ஒரே நாள்ல தொவைச்சது. வலது காலுக்கு ஏறுது, இடது காலுக்கு ஏறலைங்க. சுருங்கிருச்சு போல. பெரிய சைஸு வாங்கறதுங்களா, இல்ல ஆஸ்பத்திரியிலயே ஏதாச்சும் சாக்ஸு தருவீங்களா?"

பிள்ளைகளே, சாக்ஸ் சுருங்கினால் இரண்டும்தான் சுருங்கும். ஆபரேஷன் முடிந்து பத்து நாள் ஆகிறது. ஒரு வாரம் அசையாமல் கிடக்கிறாள். ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. இதற்கு மேல் உங்களுக்கு என்ன சொல்ல வேண்டும்? காலில் ரத்தம் கட்டியிருக்கிறது. அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் மலை இறங்கக்கூட நேரம் இருக்காது.

"வலிக்குதாமா?"

"கேட்டா இல்லேங்கறா. ஆனா கொஞ்சம் சூடா இருக்குது. அதான் காலையில இருந்து நீலகிரித் தைலம் போட்டு நீவி உடலாமுன்னு..."

"கையை எடுங்க!"

வார்டில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனுங்க?"

"தொட்டுட்டீங்களா? நீவிட்டீங்களா?"

"இல்லீங்க, தைலத்தச் சூடு பண்ணிட்டு இருக்கறேன்..."

"தைலத்தைத் தூக்கி எறிங்க. அந்தக் காலை யாரும் தொடக் கூடாது. நீவக் கூடாது, அமுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது. போனை அவகிட்டக் குடுங்க."

வசந்தாமணி வந்தாள்.

"மூச்சு வாங்குதா? நெஞ்சு வலி இருக்குதா? இருமல்ல ரத்தம்?"

"இல்லீங்க."

"பொய் சொன்னா வந்து அறைவேன்."

"நெசமாத்தானுங்க. காலு மட்டுந்தான். கெண்டைக்காலு."

"எத்தனை நாளா?"

அந்தப் பக்கம் பழனிச்சாமி தைலச் சட்டியை இறக்கி வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"வசந்தா!"

"நாலு நாளாங்க."

"நாலு நாளா வலிக்குதுன்னு ஏன்டி சொல்லல?"

போனைக் கையால் மறைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று தெரிந்தது. "டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்துச்சுங்க. வலிக்குதுன்னு சொன்னா எந்திரிச்சு நடக்கச் சொல்லிருவீங்க. நடந்தா, சரியாப் போச்சு வேலைக்கு வாம்பாங்க. கல்யாணமாயி இருவது வருசத்துல படுத்துக்கிட்டே டீ குடிச்சது இந்த ஏழு நாளுதானுங்க சிஸ்டர்."

இதைக் கேட்டபோது எனக்கு யார் மேல் கோபம் வந்தது என்று இன்று வரை சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லோர் மேலும் வந்தது.

"அப்படியே படு. நான் வண்டி அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

இப்போது நன்றாகக் கேளுங்கள். போனை வைக்கிற அந்த நேரத்தில் என் மூளை என்ன யோசித்தது தெரியுமா? அவள் உயிரை இல்லை. அந்தக் கட்டை. டாக்டரம்மா பார்ப்பதற்குள் நான் போய்ப் பிரித்துவிட முடியுமா, ஆம்புலன்ஸில் நானே ஏறிப் போனால் வழியிலேயே கழற்றிவிடலாமா என்று யோசித்தேன். ரிட்டையர் ஆக எனக்கு மூன்று வருடம் இருந்தது. முப்பது வருட நல்ல பேர். நீங்களும் யோசிப்பீர்கள். யோசிக்க மாட்டேன் என்று சொல்கிறவளை வார்டில் சேர்க்காதீர்கள். ஆனால் யோசிப்பதற்கு உங்களுக்குக் கிடைப்பது போனை வைத்துவிட்டுக் கதவு வரைக்கும் நடக்கிற நேரம் மட்டும்தான்.

கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மாவின் அறை. உள்ளே ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தாள். நான் கேட்காமல் நுழைந்தேன்.

"மேடம், கேத்தி வசந்தாமணிக்கு இடது கால் வீக்கம், நாலு நாள் வலி. ஏழு நாளா எந்திரிக்கவே இல்ல. மூச்சு இப்போதைக்கு நல்லா இருக்கு. வண்டி வேணும்."

"ஏன் எந்திரிக்கல? நான் நடக்கச் சொன்னேனே!"

"நான் பெரிய கட்டுப் போட்டு, அலுங்காம வைங்கன்னு அவங்க வீட்டுக்காரர்கிட்டப் பொய் சொன்னேன் மேடம். மூட்டை தூக்க வைக்கக் கூடாதுன்னு."

அவர் என்னை மூன்று வினாடி பார்த்தார். டாக்டர்களுக்கு மூன்று வினாடி நிறைய நேரம்.

"திட்டறதை அப்புறம் வச்சுக்கறேன். வண்டியை அனுப்புங்க. ஸ்கேன் ரூமை ஃப்ரீ பண்ணுங்க. அவர் அவளைப் பைக்ல வச்சுக் கூட்டிட்டு வராம பாத்துக்கங்க."

நல்லவேளை சொன்னார். நான் மறுபடி போன் செய்தபோது பழனிச்சாமி பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

வண்டி வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஊட்டி ரோட்டில் சுற்றுலா வண்டிகள் வரிசை கட்டி நின்றனவாம். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஒரு கட்டிலின் விரிப்பை நாலு தடவை மாற்றினேன். அந்தக் கட்டிலில் யாருமே இல்லை. சின்ன நர்ஸ் வந்து ஏதோ கேட்டாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன். பிறகு மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன்.

ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. கெண்டைக்காலில், முழங்கால் வரை. அதற்கு மேல் ஏறவில்லை, நுரையீரலுக்கும் போகவில்லை. ரத்தம் மேலும் உறையாமலிருக்க ஊசியைத் தொடங்கினோம். பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. பிழைத்துக்கொண்டாள். அந்த சாக்ஸ் இன்னும் இரண்டு நாள் ஏறியிருந்தால், இல்லை அவர் அந்தத் தைலத்தைக் கொஞ்சம் சீக்கிரம் சூடு செய்திருந்தால், இந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். வேறு எங்காவது போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நிலைமை சீரானதும் டாக்டரம்மா எனக்குத் தண்டனை கொடுத்தார். மெமோ இல்லை. அதைவிட மோசம்.

"அந்தக் கட்டை நீங்களே பிரிங்க. அவங்க வீட்டுக்காரர் முன்னாடி. வாயால சொல்லிட்டே பிரிங்க."

பிரித்தேன். பட்டை போனது, பிளாஸ்திரி போனது, பஞ்சுத் திண்டு நாலும் போனது. ஏழு நாளாகப் பிளாஸ்திரி ஒட்டிக் கிடந்ததில் தோல் சிவந்து தடித்திருந்தது. நடுவே மூன்று பொட்டுத் தழும்பு, காய்ந்து ஆறிப்போய், ஒரு குற்றமும் இல்லாமல்.

பழனிச்சாமி வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப இதுக்குள்ள ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்ல. நான் பொய் சொன்னேன்."

"இதுக்கா நான் ஏழு நாள் பெட்பேன் தூக்குனேன்?"

வசந்தாமணி போர்வையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பு. அந்த நேரத்திலும்.

"ஆமா," என்றேன். "ஆனா மூணு ஓட்டைதானேன்னு நீங்க வியாழக்கிழமைக்கு வண்டி சொன்னீங்க. அதை மறந்துட்டீங்களா? தட்டைக் காட்டக் கூப்பிட்டப்ப ஒழுங்காப் பாத்திருந்தா நான் இந்தக் கூத்து பண்ணியிருக்க மாட்டேன்."

டாக்டரம்மா எங்கள் சண்டையைக் கண்டுகொள்ளாமல் தன் போனை எடுத்தார். அன்று தியேட்டரில் எடுத்த படம் அதில் இருந்தது. "இப்ப பாக்கறீங்களா? உக்காந்துட்டே பாருங்க" என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

அவர் உட்கார்ந்து பார்த்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"நூக்கோலு அளவு இருக்குதுங்களே."

"அது கட்டி மட்டும். சுத்தி இருக்கறது கர்ப்பப்பை. உள்ள வெட்டறதுக்குத்தான் அந்த மூணு ஓட்டை. எடுத்தது கீழ் வழியா. அந்த இடத்துல உள்ளுக்குள்ள தையல் போட்டிருக்கு. அது உங்க கண்ணுக்குத் தெரியாது. பளு தூக்கினா அது பிரியும். படுத்தே கிடந்தா ரத்தம் கட்டும்."

பழனிச்சாமி விரல் விட்டு எண்ணினார். "அப்ப, தூக்கக் கூடாது. ஆனா நடக்கோணும்."

"அவ்வளவுதான்."

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் இரண்டு கொடுத்திருப்பேன். கோபமே இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"இவ்வளவுதானுங்களே சிஸ்டர். இத அன்னிக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே?"

முப்பது வருட சர்வீஸில் என்னைத் திட்டாதவர் கிடையாது. எதுவும் ஒட்டியதில்லை. இது ஒட்டியது. அந்த மனுஷன் ஏழு நாள் பெட்பேன் தூக்கினார். நான் சொன்னதை ஒரு எழுத்து தவறாமல் செய்தார். சொன்னால் செய்கிற ஆளிடம் நான் தப்பானதைச் சொல்லி அனுப்பினேன். சொல்லிப் பார்க்காமலேயே புரியாது என்று முடிவு கட்டியவள் நான். டீ விஷயத்தில் கெட்டிக்காரியானவள்.

அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் "ஓய்வு எடுக்கவும்" என்று எழுத நான் யாரையும் விட்டதில்லை. நீங்களும் எழுதாதீர்கள். ஓய்வு என்றால் ஒருத்தர் பாயில் கிடக்கலாம் என்று நினைப்பார், இன்னொருத்தர் மத்தியானம் மட்டும் சமையல் என்று நினைப்பார். எதைத் தூக்கக் கூடாது, எத்தனை நாளைக்கு, எவ்வளவு நேரம் நடக்க வேண்டும், எப்போது ஓடி வர வேண்டும் என்று எழுதுங்கள். நீர்க்குடத்தை எழுதுங்கள், கேரட் மூட்டையை எழுதுங்கள், தேயிலைக் கொழுந்துக் கூடையை எழுதுங்கள். ஒரு கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், காய்ச்சல் வந்தால், வயிற்று வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால் உடனே வரச் சொல்லுங்கள். எழுதியதை, அடுப்பு யார் கையில் இருக்கிறதோ, வண்டிக்குச் சொல்கிறவர் யாரோ, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் இல்லை என்று எந்த நர்ஸும் என்னிடம் சொல்லாதீர்கள். நாலு பஞ்சுத் திண்டு ஒட்ட எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது.

ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். பழனிச்சாமி கையில் ஒரு பேப்பர். தினமும் காலை இத்தனை சுற்று, மாலை இத்தனை சுற்று என்று வசந்தாமணி நடந்த கணக்கு, ஒரு நாள் விடாமல். கேரட் எடுக்கக் கூலிக்கு ஆள் வைத்திருக்கிறார். டாக்டரம்மா உள்ளே சோதித்துவிட்டு எல்லாம் நன்றாக ஆறிவிட்டது, கால் வீக்கமும் வடிந்துவிட்டது, இனி கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்யலாம், மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது என்றார். வசந்தாமணியின் முகம் தொங்கிப்போனது. நல்ல செய்திக்கு அப்படி முகம் தொங்கி நான் பார்த்ததில்லை.

வராந்தாவில் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"சிஸ்டர், அந்தப் பெரிய கட்டு மிச்சம் இருக்குதுங்களா? பண்டிகைக்கு நாத்தனாரு குடும்பமே வருது. ரெண்டு நாளைக்கு மட்டும் போட்டு உடுங்க."

"உனக்குக் கொழுப்பா? ஒரு தடவை சாகப் பாத்தது பத்தாதா?"

"வெறும் பஞ்சுதானுங்க."

"வாய் எதுக்கு இருக்குது? முடியலைன்னா முடியலைன்னு சொல்லு."

"சொன்னா யாருங்க கேக்கறா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அதற்குப் பதில் சொல்வதற்குள் பழனிச்சாமி மருந்துப் பையோடு வந்து, என் முன்னால் விறைப்பாக நின்றார்.

"சிஸ்டர், டாக்டரம்மா என்ன சொன்னாங்க? இனி மூட்ட தூக்கலாமுங்களா?"

வசந்தாமணி என்னைப் பார்த்தாள். அதே பார்வை. இன்னும் ஆறு வாரம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் அப்படியே செய்வார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யலாம்னு சொன்னாங்க. மூட்டை தூக்கறாங்களா இல்லையான்னு என்னை ஏன் கேக்கறீங்க? தூக்கறது அவங்கதானே. அவங்களைக் கேளுங்க."

பழனிச்சாமி திரும்பினார். பெண்டாட்டியிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார். மீசையைத் தடவினார்.

"ஏன் வசந்தா, நீ... தூக்கறயா?"

வசந்தாமணி சால்வையை உதறிப் போர்த்திக்கொண்டாள். இரண்டு காலிலும் சாக்ஸ் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பிறகு மருந்துப் பையை அவர் கையிலேயே விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்றாள்.